குழாயின் உட்சுவர்

அறநெறிக் கேள்விகள் பெரிய மேடைகளில் மட்டுமே எழும் என்று எண்ணுவது நம் வழக்கம். போர், கருக்கலைப்பு, தூக்குத் தண்டனை என்று அவற்றுக்கு ஒரு பட்டியலும் வைத்திருக்கிறோம். கோழிக் கொட்டகையில் ஓடும் மெல்லிய தண்ணீர்க் குழாய்க்குள்ளும் மனச்சான்றுக்கு வேலை உண்டு என்றால் சிலர் புன்னகைக்கக்கூடும். நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளையும் பல்லடத்தின் கறிக்கோழிப் பண்ணைகளையும் அறிந்தவர்கள் அப்படிப் புன்னகைக்கமாட்டார்கள்.

நெடுநாள் கழுவப்படாத அக்குழாயை வெட்டி உட்சுவரை விரலால் தடவினால் வழுவழுப்பாய் ஒன்று ஒட்டும். அது வெறும் பாசியன்று. நுண்ணுயிர்கள் தாமே சுரந்த பசைக்குள் கூடி வாழும் குடியிருப்பு. அறிவியலார் அதனை நுண்ணுயிர்ப் படலம் என்கின்றனர். ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1683-ஆம் ஆண்டிலேயே தம் பற்களின் அழுக்கைச் சுரண்டி, தாம் செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அத்தகைய கூட்டத்தைக் கண்டு வியந்து எழுதினார். எனினும் நுண்ணுயிர்கள் தனித்தனியே நீந்துவதைவிட இவ்வாறு ஒட்டிக்கொண்டு வாழ்வதே பெருவழக்கு என்பது 1970-களுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

கோழிக் கொட்டகை அப்படலத்துக்கு ஏற்ற இடம். குஞ்சுகள் இறங்கிய முதல் வாரம் கொட்டகையின் வெப்பம் ஏறத்தாழ 32, 33 டிகிரியில் வைக்கப்படுகிறது. குஞ்சு குடிப்பதோ சில துளிகள். ஆகவே குழாயில் நீர் ஓடாமல் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும். அந்நீரில்தான் குஞ்சின் களைப்புத் தீர வெல்லத்தைக் கரைக்கிறோம், வைட்டமின்களைக் கலக்கிறோம், தடுப்பு மருந்தைக் குளோரின் கெடுத்துவிடாதபடி குளோரினை நிறுத்திப் பால் பொடியையும் சேர்க்கிறோம். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் சுவரில் படிந்து, பற்றிக்கொள்ள இடமும் அமைத்துக் கொடுக்கிறது. குஞ்சுகளுக்கென்று அன்போடு ஊட்டுவதில் ஒரு பங்கை அப்படலமே உண்டு வளர்கிறது.

பின்பு நோய் வருகிறது. நோயுற்ற கோழி முதலில் தீனியை விடும்; தண்ணீரை எளிதில் விடாது. ஐயாயிரம் கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுதல் எவராலும் இயலாது. ஆதலால் ஆன்டிபயாடிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து மந்தை முழுவதற்கும் கொடுக்கின்றனர். இதில் குற்றம் காண நாம் விரும்பவில்லை. வாயில்லா உயிர் துன்புறுகையில் மருந்திருந்தும் கொடாமல் நிற்பதே தவறு. சிக்கல் அதற்குப் பின்னர் தொடங்குகிறது. நீரில் மிதக்கும் கிருமிகளை மருந்து கொல்கிறது. படலத்தின் உட்புறத்திலோ அது குறைந்த அளவிலேயே சென்று சேர்கிறது. அங்கே அரைத்தூக்கத்தில் கிடக்கும் உயிர்களை அழிக்க, மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரம் மடங்குகூடத் தேவைப்படலாம். மருந்து நின்றதும் அவை மீண்டும் நீரில் இறங்குகின்றன. "மறுபடியும் வந்துவிட்டது" என்று விவசாயி கலங்குகிறார். அடுத்து இன்னும் வலிய மருந்து வருகிறது. நெருக்கமாய் வாழும் கிருமிகளோ தாம் பெற்ற எதிர்ப்பாற்றலை மரபணுத் துணுக்குகளாக ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன.

குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்திவிடும் என்று அலெக்சாண்டர் பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். ஐந்தே ஆண்டுகளில், 1950-இல், கோழித் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் சேர்த்தால் குஞ்சு விரைந்து கொழுக்கும் என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து பரவியது. எச்சரிக்கையைவிட இலாபச் செய்திக்குக் கால்கள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக மருந்து சேர்ப்பதை முற்றும் நிறுத்த 2006 வரை ஆயிற்று. கோலிஸ்டின் என்னும் மருந்தின் கதை இன்னும் கசப்பானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் பலிக்காதபோது மருத்துவர் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதனை வெல்லும் மரபணு ஒன்று, கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவவல்லது, சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிலும் காணப்பட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அம்மருந்து தடைசெய்யப்பட்டது 2019 ஜூலையில். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக நிகழ்ந்த இறப்புகள் அந்த ஓராண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் என்பது பின்னர் வந்த மதிப்பீடு. அவற்றில் கோழிப்பண்ணையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இயலாது. அறநெறிச் சிக்கலின் வேரே இதுதான்.

ஏனெனில் கெடுதி செய்ய எண்ணியவர் இங்கே எவருமில்லை. புனித அல்போன்ஸ் லிகோரியார் 18-ஆம் நூற்றாண்டில் தீமைக்கு உடன்படும் ஒத்துழைப்பையும், உடன்படாமல் செயலளவில் நேரும் ஒத்துழைப்பையும் பிரித்துக் காட்டினார். குருமடத்தில் நாம் பயின்ற அப்பகுப்பு நுட்பமானது. ஆயினும் அது தீயவன் ஒருவனையும் அவனுக்குத் துணைபோகிறவன் ஒருவனையும் முன்வைத்தே பேசுகிறது. குழாயருகில் நிற்பவர்களோ கடன் வாங்கிக் கொட்டகை போட்ட விவசாயி, தம் வேலையைச் செய்யும் மேற்பார்வையாளர், ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி வாங்கும் நாம். இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகளைப் பற்றிப் பேசியபோது, அவையும் தனி மனிதரின் செயல்களில் வேரூன்றியவை என்பதை விட்டுவிடவில்லை. ஆகவே 'அமைப்பே அப்படி' என்று சொல்லி எவரும் ஒதுங்கிவிட முடியாது.

ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் விவசாயியுடையவை. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. இருவரின் எல்லைக்கோடு அக்குழாயின் உள்ளேயே ஓடுகிறது: நீர் ஒருவருடையது, அதில் கரையும் மருந்து மற்றவருடையது. குழாயைக் கழுவுதல் விவசாயியின் தலையில் விழுகிறது; மருந்தோ வண்டியில் வந்து இறங்குகிறது. களைத்த மனிதர் எதை எளிதாகத் தேர்ந்துகொள்வார் என்று கேட்க வேண்டியதில்லை. அவரைக் கடிந்துகொள்ளவும் நமக்கு உரிமை குறைவு. மருந்துக்கடையில் நின்று "சளி, காய்ச்சலுக்கு நல்லதா இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, மறுநாள் காய்ச்சல் தணிந்ததும் மிச்சத்தை அலமாரியில் போடுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இருப்பினும் ஒரு வேறுபாட்டைத் துணிந்து சொல்லலாம். நோயுற்ற மந்தைக்கு, கால்நடை மருத்துவர் கண்டு சொல்லி, உரிய அளவில், உரிய நாள்வரை கொடுக்கும் மருந்து இரக்கச் செயல். கழுவாத குழாயின் விளைவை மறைக்க மீண்டும் மீண்டும் கொடுக்கும் மருந்து அதுவன்று. நம் சோம்பலின் செலவை, எங்கோ மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் முகமறியாத ஒருவர்மீது ஏற்றுவது. மருந்தும் அளவும் ஒன்றாகவே இருக்கலாம்; செயல் ஒன்றன்று.

கழுவுதலும் அரிய வித்தையன்று. கோழிகள் ஏற்றப்பட்டபின் அடுத்த குஞ்சு இறங்கும்வரை கிடைக்கும் இடைவெளியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைக் குழாயில் நிரப்பி ஒருநாள் வைத்திருந்து, அழுத்தமான நீரால் அடித்து வெளியேற்ற வேண்டும். உப்புப் படிவு இருந்தால் அமிலக் கரைசல் தேவை. இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. வளர்ப்புக் காலத்தில் குளோரின் போதும். நீரின் காரத்தன்மை மிகுந்தால் அது பாதி வேலைதான் செய்யும் என்பதை மறக்கலாகாது. வெல்லமோ வைட்டமினோ கொடுத்த அன்று மாலையே குழாயை அலசிவிடுதல் நன்று. இதற்கெல்லாம் ஓரிரு நாள் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்புக்கு வளர்ப்புக் கூலியில் இடமுண்டா என்று நம் பங்குகளிலுள்ள விவசாயிகள் ஒன்றாய் அமர்ந்து கேட்கலாம். அடுத்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுமுன் கேட்பது இன்னும் நல்லது.