களிமண்ணும் கௌரவமும்

சென்ற பள்ளி விடுமுறையில் உலு திராமிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று, ஜாலான் பஹாரிலுள்ள தௌ குவாங் மட்பாண்டச் சூளையை நம் பிள்ளைகளுக்குக் காட்டி வந்தோம். 1940இல் கட்டப்பட்ட டிராகன் சூளை அது. சரிவான தரையில் பாம்புபோல் நீண்டு கிடக்கும்; அடிவாயில் விறகிட்டு மூட்டும் தீ மேல்நோக்கி ஏறிப் பாண்டங்களைச் சுடும். ரப்பர் மரங்களில் நம் பாட்டன்மார் கட்டிய மங்குகள் இத்தகைய சூளைகளிலும் வெந்து வந்தவையே. மங்கு துடைத்தே வளர்ந்த நம் குடும்பங்களில், அதை வனைந்த கை யாருடையதென்று கேட்டவர் எத்தனை பேர்?

அங்கே மண்ணைப் பிசைந்து கொண்டிருந்த நம் இளைய மகன், "அப்பா, நானும் பெரியவனாகி இந்த வேலை செய்யலாமா?" என்றான். "போடா, படித்து உத்தியோகத்துக்குப் போகிற வழியைப் பார்" என்று சற்றும் யோசியாமல் சொல்லிவிட்டோம். பையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

அந்தப் பதில் வீடு திரும்பிய பின்னும் நம்மை விடவில்லை. வேடிக்கைப் பொருளாய் இருக்குமட்டும் ஒரு தொழிலைப் புகழ்கிறோம். நம் பிள்ளை அதை விரும்பினாலோ இழிவென்கிறோம். அப்படியானால் நாம் பிள்ளைகளுக்குக் காட்டியது தொழிலின் பெருமையா, நமது செருக்கா?

ஆங்கிலப் பள்ளிக்கூடம் நமக்குப் பேனாவைத் தந்தது. ஆனால் அழுக்குப் படியாத கையே உயர்ந்த கை என்னும் எண்ணம் நம் முன்னோருடன் கப்பலேறி வந்தது. கீழடியில் 2015இல் தொடங்கிய அகழாய்வில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன என்று மார்தட்டுகிறோம். அவ்வெழுத்தைக் காத்துத் தந்தது பானை. பானை வனைவோரையோ பிறப்பைச் சொல்லித் தாழ்த்தி வைத்தோம்.

நிற்க. பிள்ளைகள் யாவரும் குயவராக வேண்டுமென்பது நமது வாதமன்று. தோட்டத்தில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணியாகிய நமக்கு, கைத்தொழிலால் வயிறு நிறையுமா என்னும் அச்சம் உண்டு. வருமானம் குறைவென்றால் குறைவென்றே பிள்ளையிடம் சொல்லலாம், இழிவென்பதுதான் பொய். பிறப்பைக் காட்டி ஒருவனை ஒரு தொழிலில் கட்டிவைப்பது அநீதியெனில், கௌரவத்தைக் காட்டி ஒருவனை அதனின்று விரட்டுவதும் அதே அநீதியின் மறுபக்கமே.

அடுத்த விடுமுறையில் மீண்டும் அங்கே செல்ல எண்ணியுள்ளோம். பையன் மறுபடியும் அக்கேள்வியைக் கேட்பானோ, அறியோம். அவன் கேட்கத் துணியும்படி, இம்முறை நாமும் அவன் பக்கத்தில் அமர்ந்து மண் பிசைய வேண்டும்.