நாற்பது வயதிலும் சோறு போடும் ஆட்டம்

விளையாட்டையே பிழைப்பாக எடுத்துக்கொள்வதென்றால் எது நல்லது? பிள்ளையைப் பெற்றவர்கள் இதைக் கேட்கும்போது, பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: கிரிக்கெட். அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜனை 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்ததைப் பார்த்த எந்த ஊர்ப் பையனுக்கும் கனவு வரத்தான் செய்யும். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அவர் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஊரே திரண்டு வரவேற்றது. ஆனால் அதே 2021-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஐபிஎல்லுக்குத் திரும்பி வந்து மறுபடி யார்க்கர் போட்டார், விக்கெட்டும் எடுத்தார். இந்திய அணியின் கதவு மட்டும் முன்போல் எளிதில் திறக்கவில்லை.

இதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. வேகப்பந்து வீச்சு என்ற வேலையே அப்படி. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்குகிறது. அதே நொடியில் இடுப்பு வளைந்து முறுக்கிக்கொள்கிறது. அடிமுதுகு எலும்பில் விரிசல் விழுவது இளம் பந்துவீச்சாளர்களிடம் சாதாரணமாகக் காணும் காயம். இங்கிலாந்தின் ஆண்டர்சன் 41 வயதுவரை டெஸ்ட் ஆடி 704 விக்கெட் எடுத்தார் என்றால், அது அபூர்வம் என்பதால்தான் உலகமே எழுந்து நின்று கைதட்டியது.

ஒரு விளையாட்டைப் பிழைப்பாக எடைபோட நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன். நாற்பது வயதில் அது ஆளை என்ன நிலையில் வைத்திருக்கும்? முதல் பத்துப் பேரில் வராத ஆட்டக்காரர் எப்படிச் சாப்பிடுவார்? கபடி இதில் பாதிதான் தேறுகிறது. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் ஊர்ப்புறத்துப் பையன்களுக்கு நல்ல பணம் கொடுத்தது, மகிழ்ச்சி. ஆனால் ரெய்டு போகிறவரின் முழங்கால்தான் அதற்கு விலை. செஸ் தேறுகிறது. ஆனந்த் ஐம்பது வயதைத் தாண்டியும் ஆடுகிறார், ஆர்.பி. ரமேஷ் போட்டி ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளராகி பிரக்ஞானந்தா போன்றவர்களை உருவாக்கினார். என்றாலும் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆவதற்கு, மருத்துவரான அவருடைய தந்தை தன் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்தால் அதைச் செய்ய முடியுமா?

என் ஓட்டு டேபிள் டென்னிஸுக்கு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் லக்சம்பர்க் நாட்டுக்காக ஆடிய நி ஷியாலியனுக்கு 61 வயது. முதல் சுற்றில் ஜெயிக்கவும் செய்தார். 1983-ல் சீனாவுக்காகக் கலப்பு இரட்டையரில் உலகச் சாம்பியன் ஆனவர் அவர். அவருடைய எதிராளிகளில் பலர் அப்போது பிறக்கவே இல்லை.

வயதான பிறகும் இப்படி ஆட எப்படி முடிகிறது என்பதை நான் மாலையில் ஆடப்போகும் கிளப்பிலேயே பார்க்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே வருவார். பேட்டின் ஒரு பக்கம் வழவழப்பான ரப்பர், மறுபக்கம் நீளமான முட்கள் எழும்பிய பிம்பிள்ஸ் ரப்பர். பாயின்ட் முடிந்ததும் வலையோரம் மேசையில் உள்ளங்கை ஈரத்தைத் துடைப்பார். பிறகு சர்வீஸ். எதிரே நிற்கும் கல்லூரிப் பையன் முழு வேகத்தில் சுழற்றி அடிக்கிறான். அவர் பேட்டைச் சும்மா காட்டுகிறார். அவன் கொடுத்த ஸ்பின்னே தலைகீழாகத் திரும்பி வந்து, அடுத்த அடி வலையில் விழுகிறது. அவருக்கு ஓட்டம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் பந்து பேட்டைத் தொடும் முன்பே எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்து ஸ்பின்னைப் படித்துவிடுகிறார். அந்தப் படிப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டேதான் போகிறது.

நம் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலையே பாருங்கள். 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022-ல் பர்மிங்காமில், 40 வயதில் அதே தங்கத்தை மறுபடி வாங்கினார். கூடவே அணிப் பிரிவிலும் கலப்பு இரட்டையரிலும் தங்கம். 2025 மார்ச்சில் சென்னையிலேயே கடைசி ஆட்டம் ஆடி விடைபெற்றார். தோளும் முதுகும் வலிக்காத டேபிள் டென்னிஸ் வீரர் கிடையாது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் முழுக்க ஒடிந்துபோகிறவர்கள் குறைவு.

பணம்? ஐபிஎல் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனங்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை உண்டு. சரத் கமலே இந்தியன் ஆயில் ஊழியர்தான். ஜெர்மனியில் கிளப் லீக் பல அடுக்குகளாக நடக்கிறது; நம் ஆட்டக்காரர்கள் அங்கே போய் ஆடிச் சம்பாதித்திருக்கிறார்கள். 2017 முதல் நம் நாட்டிலும் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தியவருக்கு ஒரு ஹாலும் இரண்டு மேசையும் ஒரு கூடை பந்தும் இருந்தால் பயிற்சி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றலாம். ஏக்கர் கணக்கில் மைதானம் தேவையில்லை.

இந்த ஆட்டத்தின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குப் பெரிய காரணம் சென்னையின் வி. சந்திரசேகர். மூன்று முறை தேசியச் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். 1984-ல் முழங்காலுக்குச் செய்த அறுவை சிகிச்சையில் நேர்ந்த பிழை அவருடைய பேச்சு, நடை, பார்வை எல்லாவற்றையும் குலைத்துப் போட்டது. 26, 27 வயதில் உச்சத்தில் இருந்த மனிதர். வேறு யாராக இருந்தாலும் அதோடு முடிந்திருக்கும். அவர் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வந்து, தானே பழையபடி ஆட முடியாத ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்தான் 2019-ல் உலகத் தரவரிசையில் 24-ம் இடத்துக்கு வந்த சத்தியன். 2021-ல் கொரோனா சந்திரசேகரைக் கொண்டுபோகும்வரை, அவருக்கும் அந்த மேசைக்கும் இருந்த உறவு அறுந்துபோகவில்லை. உடம்பு போன பிறகும் ஆளைக் கைவிடாத தொழில் எத்தனை இருக்கிறது?

பிள்ளையை ஒரு விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏலத்தொகையை அப்புறம் விசாரியுங்கள். முதலில் அந்த விளையாட்டை ஆடி இப்போது நாற்பத்தைந்து வயதாகும் ஒருவரை, பேர் பெரிதாக வெளியே தெரியாத ஒருவரை, தேடிப் பிடியுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எப்படி நடக்கிறார், என்ன வேலை செய்கிறார், இன்னும் ஆடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்து ஃபீஸ் கட்டுங்கள்.