கேள்வி

பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் அப்பா இரண்டு பக்கம் எழுதித் தருவார். அதை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்து, எவர்சில்வர் டம்ளர்களாகப் பரிசு வாங்கினேன். எனக்குப் பேச வரும் என்று நம்பியே வளர்ந்தேன்.

இருபத்து மூன்று வயதில் ஒரு நேர்முகத் தேர்வு. "உங்க ஊர்க் கண்மாயில தண்ணி ஏன் நிக்கிறதில்ல?" என்று கேட்டார் நடுவில் இருந்த பெரியவர். நீர் மேலாண்மை பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மளமளவென்று கொட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "தம்பி, நான் உங்க கண்மாயைப் பத்திக் கேட்டேன்" என்றார். வரத்துக்கால் தூர்ந்துபோனதும், உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டியதும் எனக்குத் தெரியும். அந்த மடையில் குளித்து வளர்ந்தவன் நான். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வேலை கிடைக்காததை மறந்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்லாமல் எழுந்து வந்தது இன்றும் உறுத்துகிறது.

காதால் கேட்டறிவதற்கும் வினவுவதற்கும் தமிழில் கேள்வி என்று ஒரே சொல். திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. கேள்வியோ 42ஆம் அதிகாரமாக முன்பே வந்துவிடுகிறது. நாம் பிள்ளைகளை நேரே 73க்கு அனுப்பிவிடுகிறோம். "பயப்படாமப் பேசு" என்கிறோம், "அவர் சொன்னதைக் கேட்டியா?" என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது மாலைகளில், குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், நேர்காணலுக்கு 275. ஆங்கிலம் தடுமாறுமே என்றுதான் கலங்குகிறார்கள். நேர்காணலுக்குத் தமிழைத் தேர்ந்துகொள்ள வழி உண்டு. மொழியைவிட அவர்களுடைய அவசரம்தான் எனக்குக் கவலை. கேள்வி முடிவதற்குள் பதில் புறப்பட்டுவிடுகிறது. அதனால் ஒரே பயிற்சிதான் வைத்திருக்கிறேன்: கேட்கப்பட்டதை முதலில் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். விவாதத்திலும் அப்படியே, எதிரணியின் வாதத்தை அவர்களே தலையாட்டும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம். முதல் வாரம் பெரும்பாலோரால் முடிவதில்லை.

ஆலோசனை சொல்லும் விதத்தை எங்கள் ஊர் அப்பத்தா ஒருவரிடம் கற்றேன். அக்டோபர் 2, கிராம சபை. கண்மாயைப் பற்றி ஆளாளுக்குச் சத்தம். எல்லாரும் ஓய்ந்த பிறகு எழுந்தார். "தெக்குத் தெருக்காரவுக வரத்துக்காலுங்கிறாக, இவுக மடைங்கிறாக. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயி ஒருதரம் பாத்துட்டு வந்துருவமா?"

கூட்டம் அப்படியே எழுந்து கண்மாய்க் கரைக்கு நடந்தது.