சுரங்க நகரில் ஒரு தலம்

ஓர் ஊர் எப்போது தலம் ஆகிறது? சைவர்களாகிய நாங்கள் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுவோம். மூர்த்தியைச் செய்வித்துக் கொண்டுவரலாம். தீர்த்தத்தைக் குடத்தில் எடுத்துவரலாம். தலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? ஜேர்மனியின் ஹம் நகரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

ஹம், ரூர் நிலக்கரிப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில், லிப்பே ஆற்றங்கரையில், சுமார் 1,80,000 பேர் வாழும் நகரம். 1226இல் தோன்றிய ஊர்தான். ஆனால் இன்றைய நகரமாக அதை ஆக்கியவை ரயிலும் நிலக்கரியும். சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் அதன் ரயில்முற்றம் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதனாலேயே இரண்டாம் உலகப்போரில் ஹம் மீது திரும்பத் திரும்பக் குண்டு விழுந்தது. பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிச் சுரங்கம் மூடியது 2010இல்.

இந்த ஊரின் கிழக்கே, ஊன்ட்ரொப் என்னும் பகுதியின் கைத்தொழிற்பேட்டையில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் இருக்கிறாள். 1985இல் இலங்கையிலிருந்து வந்த சிவஸ்ரீ பாஸ்கரக் குருக்கள், 1989இல் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தொடங்கிய வழிபாடு அது. 2002 ஜூலையில் இன்றைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ராஜகோபுரம் 17 மீற்றர் உயரம். அதே ஊன்ட்ரொப்பில் இருந்த தோரியம் அணுவுலையை 1989இல் நிறுத்திவிட்டார்கள். அதன் பிரமாண்டமான குளிர்விப்புக் கோபுரத்தை 1991இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்படிப்பட்ட அயலில்தான் அம்பாள் குடிவந்தாள்.

பசு பால் சொரிந்த புற்று, சுயம்பு இலிங்கம், நாயன்மார் பாடிய பதிகம் என்று எங்கள் கோயில்களுக்குப் பின்னால் கதைகள் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. குடியிருப்புப் பகுதியில் திருவிழாக் கூட்டத்துக்கு இடம் போதவில்லை. தொழிற்பேட்டையில் காணி கிடைத்தது. அவ்வளவுதான். "இதையும் ஒரு தலம் என்று சொல்லலாமோ?" என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் கேட்பதுண்டு.

தீர்த்தத் திருவிழாவன்று அவர்களைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போவேன். டாட்டெல்ன்-ஹம் கால்வாய் சரக்குக் கப்பல்களுக்காக மனிதர் வெட்டி 1914இல் திறந்தது. எந்த மலையிலும் பிறக்காத நீர். அந்தக் கரையில் கும்பத்தின் மேல் மாவிலையும் தேங்காயும் இருக்கும். குருக்கள் மந்திரம் சொல்லி கங்கை, யமுனை, கோதாவரி, காவேரி என்று ஒவ்வொரு நதியாகக் கூப்பிடுவார். கூப்பிட்ட நதி வந்துவிட்டது என்று நம்பித்தான் நாங்கள் தலையில் தெளித்துக்கொள்கிறோம். ஹம்முக்காகக் கண்டுபிடித்த சமாளிப்பு அல்ல இது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் இப்படித்தான் கங்கையைக் கூப்பிட்டோம். எங்கள் ஆகம மரபில் புனிதம் அழைத்தால் வரும். ஆகவே அம்பாள் இங்கு வந்திருக்கிறாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அழைத்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதா? தமிழரிடம் இன்னொரு மரபும் இருக்கிறது. ஆகமத்துக்கு மூத்தது என்றே நினைக்கிறேன். ஊருக்காகப் போரிட்டு விழுந்தவனுக்குக் கல் நடுவது. அதற்கான முறைகளைத் தொல்காப்பியமே சொல்கிறது. அகாலத்தில் இறந்தவர்களை ஊர் மறக்கக் கூடாது என்று ஒரு விளக்கும் ஒரு படையலும் வைப்பார்கள். அங்கே புனிதத்தை வெளியிலிருந்து யாரும் அழைத்து வருவதில்லை. அந்த மண்ணில் இறந்தவர்களிடமிருந்து அது எழுகிறது. முதல் மரபின்படி ஹம்மில் எல்லாம் செய்துவிட்டோம். இரண்டாவதைத் தொடவே இல்லை.

1908 நவம்பர் 12 அதிகாலை, இன்று ஹம்மின் வடமேற்குப் பகுதியாக இருக்கும் பொக்கும்-ஹோவெலில், ராட்போட் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டது. சுமார் 350 பேர் இறந்தார்கள். உள்ளே எரிந்த தீயை அணைக்க வழியில்லாமல், ஆட்கள் கீழே கிடக்கவே சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டார்கள். பல உடல்களை மாதக்கணக்கில் கழித்துத்தான் மேலே எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரூர் சுரங்கங்களுக்கு ஜேர்மனியின் கிழக்கு மாகாணங்களிலிருந்து பல்லாயிரம் பேர், போலிஷ் பேசுகிறவர்கள் உட்பட, பிழைப்புத் தேடி வந்தார்கள். எங்களுக்கு முன்னரே ஊரை விட்டு வந்தவர்கள் அவர்கள்.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. அவருடைய கட்டிலருகே கைநீள மரச்சிலை ஒன்று: ஒரு கையில் சிறு கோபுரமும் மறு கையில் கிண்ணமும் ஏந்திய புனித பார்பரா, சுரங்கத் தொழிலாளரின் காவல் தாய். டிசம்பர் 4 அவளுடைய நாள். அன்று வெட்டிய செர்ரிக் கொப்பைத் தண்ணீரில் வைத்தால் நத்தாருக்குப் பூக்கும் என்பது இங்குள்ள வழக்கம். நான்தான் கொப்பை வெட்டி, நுனியைக் கொஞ்சம் நசுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைப்பேன். ஒரு டிசம்பரில் அவர் தன் பாட்டியின் அண்ணன் ராட்போட்டில் போனதைச் சொன்னார். "மேலே நடக்கிறவர்களுக்குக் கீழே இருப்பவர்களைத் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கும்தான். தேர் இழுக்கிறோம், காவடி எடுக்கிறோம். கீழே யார் இருந்தார்கள் என்று கேட்டதில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு அவர்களுடைய தேவாலயமும் கல்லறை நினைவுச்சின்னமும் இருக்கின்றன, நாங்கள் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இறந்தவர்களைத் தெய்வமாக்கவும் வேண்டாம், எங்களுடையவர்கள் என்று உரிமை கொண்டாடவும் வேண்டாம். துக்கத்தில் பங்கெடுப்பதற்கு உரிமைப் பத்திரம் தேவையில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் சாவு என்றால் சமயம் கேட்டா போனோம்? இலங்கைப் போரில் எங்கள் பிள்ளைகளின் உடல்கூடக் கிடைக்காமல் அழுத தாய்மார் எத்தனை பேர்! தண்ணீருக்கடியில் கணவன் கிடக்க மேலே காத்திருந்த பெண்ணின் நிலை எங்களுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

ஆகவே எங்கள் கோயிலில் நவம்பர் 12 மாலைப் பூசையில் ராட்போட்டில் இறந்தவர்களுக்காக ஒரு மோட்ச விளக்கு ஏற்ற வேண்டும் என்று கேட்கிறேன். என் வீட்டுச் சாமியறையில் ஏற்கெனவே ஏற்றிவருகிறேன். அழைத்த தெய்வம் வந்துவிடும். அது அவள் கருணை. வந்த மண்ணின் துயரத்தை அறிந்துகொள்வது அழைத்தவர்களின் கடன். என்றாவது ஒருநாள் எங்கள் பேரப்பிள்ளைகள் ஹம்முக்குத் தலபுராணம் எழுதுவார்கள். அதன் முதல் அத்தியாயம் அம்பாள் வந்த கதையாக இருக்கக் கூடாது. அவளுக்கு முன்னே இந்த மண்ணுக்குள் இறங்கித் திரும்பாதவர்களின் கதையாக இருக்க வேண்டும்.