உறுப்பும் முழுமையும்: மாற்றியமைக்கப்பட்ட கைத்துப்பாக்கி எழுப்பும் கேள்வி

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, தொடக்கத்தில் இருந்தவற்றுள் ஏதும் எஞ்சாத நிலை வந்தபின்னும் அது அதே பொருள்தானா என்ற கேள்வி கிரேக்கத்திலும் இந்தியாவிலும் பழங்காலந்தொட்டே கேட்கப்பட்டு வருவதாகும். கப்பலையும் தேரையும் எடுத்துக்காட்டாக வைத்து இதை விவாதிக்கும்போது, எந்த விடையைச் சொன்னாலும் எவருக்கும் கேடில்லை. தவறான விடை உயிரைப் பறிக்கக்கூடிய களம் ஒன்றும் இன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கி வைத்திருப்போர், அதனோடு வந்த குழல், விசை, சுத்தியல், சுருள்வில், குறிகாட்டி முதலியவற்றைக் கழற்றிவிட்டு, ‘ஆஃப்டர்மார்க்கெட்’ உறுப்புகளை, அதாவது துப்பாக்கியைச் செய்த நிறுவனம் அல்லாத பிறர் செய்து விற்பவற்றை, வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் அங்கே பெரும் வணிகமாக வளர்ந்துள்ளது. குறி தவறாமை, விசையின் மென்மை, கைக்குப் பொருந்தும் வடிவம் ஆகியவற்றை நாடிச் செய்யப்படும் இந்த மாற்றங்கள், உறுப்புக்கும் முழுமைக்கும் உள்ள உறவு பற்றிய பழைய வாதங்களைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடமாக அமைகின்றன.

இக்கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு விடையை முன்பே தேர்ந்துகொண்டுவிட்டது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, முழுமையாகச் செய்யப்பட்ட துப்பாக்கியைப் போலவே அதன் ‘பிரேம்’ எனப்படும் சட்டகமும் தனித்து நின்றே ‘துப்பாக்கி’ என்ற பெயரைப் பெறும்; வரிசை எண் அதில்தான் பொறிக்கப்பட வேண்டும். பிற உறுப்புகளைப் பொதுவாகப் பதிவேதுமின்றி வாங்கலாம், விற்கலாம். கைத்துப்பாக்கியின் எந்தப் பகுதி சட்டகம் என்பதை 2022இல் வந்த விதி மேலும் கூர்மையாக வரையறுத்தது: சியர் என்னும் உறுப்பை உள்ளடக்கி நிற்கும் பகுதியே சட்டகம். சியர் என்பது பின்னுக்கு இழுக்கப்பட்ட சுத்தியலை முன்னோக்கிப் பாயவிடாமல் தாங்கிப் பிடித்து நின்று, விசை அழுத்தப்பட்டதும் விலகி வழிவிடுகிற சிறிய எஃகுத் துண்டு. தோட்டா சீறிப் புறப்படும் குழலுக்கு இல்லாத தகுதியை, அது புறப்படாமல் தடுத்து நிற்கும் துண்டின் உறைவிடத்துக்குச் சட்டம் அளித்திருக்கிறது. சட்டத்தை இயற்றியோர் நடைமுறை வசதி கருதியே இவ்வாறு செய்திருக்கக்கூடும்; ஆயினும் ஆயுதத்தின் அடையாளம் அதன் அடக்கத்தில் குடியிருப்பதாக அமைந்துவிட்ட இந்த வரையறை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

சிக் சாவர் நிறுவனம் 2014இல் வெளியிட்ட பி320 என்னும் கைத்துப்பாக்கியில் இவ்விடை அதன் எல்லைவரை சென்றுவிடுகிறது. 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 இதன் மாற்று வடிவமே. இதில் வரிசை எண் தாங்குவது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் கூடு. விசையும் சியரும் அதற்குள் இருக்கின்றன. கைப்பிடியாக வெளியே தெரியும் பிளாஸ்டிக் பகுதி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, குழல் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடலாம். சிறியதைப் பெரியதாகவும் கறுப்பை மண்ணிறமாகவும் ஆக்கியபின், கண்ணுக்குத் தெரியும் எதுவும் பழையதாக இல்லாதபோதும், சட்டத்தின் பார்வையில் அது அதே துப்பாக்கிதான்.

பழைய பலகைகள் உளுக்க உளுக்கப் புதியவை பொருத்தப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியதற்கு, 1655இல் தாமஸ் ஹாப்ஸ் ஒரு புதிய முடிச்சைப் போட்டார்: கழற்றப்பட்ட பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் மீண்டும் கட்டினால், இரண்டு கப்பல்களுள் எது பழைய கப்பல்? உறுப்புகளை மாற்றிக்கொண்ட பி320 உரிமையாளரின் இழுப்பறையில் பழைய கைப்பிடி, பழைய ஸ்லைடு, பழைய குழல், பழைய சுருள்வில் அத்தனையும் கிடக்கலாம். ஆனால் எண் பொறித்த கூடு அங்கே இல்லாததால், அந்த இழுப்பறையில் துப்பாக்கியே இல்லை என்று சட்டம் தயக்கமின்றிச் சொல்லும். ஹாப்ஸின் முடிச்சு இவ்வாறு அவிழ்கிறது. ஆனால் அவிழ்த்தது அறிவின் வெற்றி என்று கொள்வதற்கில்லை, ஒரு சமூகம் தனக்குள் செய்துகொண்ட உடன்பாடே அது. மிலிந்த பன்ஹா என்னும் பாலி நூலில் நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைப் பற்றிச் சொல்வதும் இதற்கு அணுக்கமானது. அச்சு தேராகாது, சக்கரம் தேராகாது, இவற்றுக்குப் புறம்பாகவும் தேர் என்று ஏதுமில்லை. உறுப்புகளைச் சார்ந்து எழும் வழக்குப் பெயரே தேர் என்பது அவர் கருத்து.

இந்தப் பௌத்த நிலையை நியாய, வைசேடிக மரபினர் கடுமையாக மறுத்தனர். உறுப்பை அவர்கள் அவயவம் என்றும், உறுப்புகளால் ஆன முழுமையை அவயவி என்றும் அழைத்து, அவயவி தன் உறுப்புகளின் வெறுந்தொகுதியாகாது, அவற்றின் வேறாகப் பிறந்து அவற்றிலேயே உறையும் தனிப்பொருள் என வாதிட்டனர். பிரித்தாலும் கெடாத இரு பொருள்களின் சேர்க்கை சையோகம் எனப்படும். நூலில் துணி உறைவதுபோல, பிரிப்பின் ஒன்று அழிந்துபோகும் உறவு சமவாயம் எனப்படும். முழுமை உண்டு என்பதற்கு நியாய சூத்திரம் காட்டும் ஏதுக்களுள் ஒன்று, ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் உடன் வருகிறது என்பதாகும். கோவையற்ற குவியலுக்கு அவ்வாறு வருதல் இயலாது.

துப்பாக்கி உறுப்பைப் பொருத்தும் வேலையை நெருங்கிப் பார்ப்பவருக்கு, நியாய மரபினர் கண்டது எத்துணை உண்மை என்பது விளங்கும். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1911 கைத்துப்பாக்கிக்கு விற்கப்படும் உறுப்புகள் இருவகைப்பட்டவை. ‘டிராப்-இன்’ எனப்படுபவை வாங்கிய மேனியில் உள்ளே இறங்கி உட்காருபவை. மற்றவை வேண்டுமென்றே சற்றுப் பருமனாகச் செய்யப்பட்டு, ‘கன்ஸ்மித்’ எனப்படும் துப்பாக்கிக் கைவினைஞரின் அரத்துக்காகக் காத்திருப்பவை. போட்டிக்குரிய தரமான குழல் ஒன்றைப் பொருத்தும்போது, குழலின் பின்முனையிலும் மேற்புறத்து வரிமேடுகளிலும் சாயம் பூசி, ஸ்லைடுக்குள் நுழைத்து எடுத்து, சாயம் தேய்ந்த இடத்தில் மட்டும் ஓரிரு முறை அரத்தை ஓட்டி, மீண்டும் சாயம் பூசி மீண்டும் நுழைத்துப் பார்ப்பர். இந்த வேலை முடிந்தபின் அந்தக் குழல் அந்த ஒரு ஸ்லைடுக்கு உரியதாகிவிடும். வேறொரு துப்பாக்கியில் அது தளர்ந்தோ இறுகியோ நிற்கும். டிராப்-இன் உறுப்பின் சேர்க்கையைச் சையோகம் என்றால், அரத்தால் இணங்கவைத்த சேர்க்கை சமவாயத்தை நோக்கி நகர்ந்தது என்று சொல்லலாம். வைசேடிக நூல்களின் கண்டிப்பான இலக்கணம் இதற்கு முற்றும் இடந்தராது என்பது மெய்யே, ஏனெனில் அவற்றின்படி எந்த அவயவியும் தன் உறுப்புகளில் சமவாயமாகவே உறைகிறது. எனினும் முழுமை என்பதில் ஏற்றத்தாழ்வுகள் உண்டு என்பதைக் கைவினைஞரின் அனுபவம் காட்டுகிறது, அந்த அளவில் மரபின் இலக்கணத்தையே சற்று விரித்துக்கொள்வது தகும்.

இதன் மறுபக்கமும் கவனத்துக்குரியது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே துப்பாக்கித் தொழிலில் பெரிதும் வளர்ந்ததாகும். 1785இல் பாரிசில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், அங்கே ஹானரே பிளாங்க் என்பவர் செய்த துப்பாக்கிப் பூட்டுப்பொறிகளின் துண்டுகளுள் கைக்கு வந்ததை எடுத்து எடுத்துப் பொருத்த, அவை பிசகின்றி இணைந்ததைக் கண்டு வியந்து எழுதினார். இரண்டாம் உலகப்போரின்போது எம்1911ஐச் செய்தவர்களில் கோல்ட் நிறுவனத்தோடு, தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், இரயில்வே சைகைக் கருவிகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும், தையல் இயந்திரம் செய்த சிங்கரும் இருந்தன; ஒன்றின் ஸ்லைடு மற்றொன்றின் சட்டகத்தில் ஏற வேண்டும் என்பதே விதி. அவ்வாறு ஏறுவதற்கு உறுப்புகளிடையே சிறிது இடைவெளி விட்டாக வேண்டும், அந்த இடைவெளி குறியின் நுட்பத்தைக் குறைக்கும். நாகசேனர் சொன்ன தேரைப் போலப் பெயரளவில் மட்டும் ஒன்றாய் நிற்கும் துப்பாக்கியே போர்க்களத்துக்கு உகந்தது. நியாயத்தின் அவயவியை ஒத்தது போட்டிக்களத்துக்கு உகந்தது. முழுமை கூடக் கூட உறுப்பு தன் சுதந்திரத்தை இழக்கிறது.

வைசேடிகக் கொள்கையின் மற்றொரு முடிவு, கேட்பவருக்கு மிகையாகவே தோன்றக்கூடியது: ஓர் உறுப்பு நீங்கினால் பழைய அவயவி அழிகிறது, மற்றொன்று சேர்ந்தால் புதிய அவயவி பிறக்கிறது. ஒரு நூலை உருவிய துணி வேறு துணி என்பதை அன்றாட வழக்கு ஏற்பதில்லை. துப்பாக்கியைப் பொறுத்தவரையிலோ இம்முடிவே பாதுகாப்பானது என்று துணிந்து கூறலாம். எம்1911இன் கட்டைவிரல் பாதுகாப்புத் தாழை எடுத்துக்கொண்டால், அதன் உட்புறத்து மேடு சியரின் அடியில் முட்டி நின்று அதை அசையவிடாமல் தடுக்கிறது. புதிய தாழ் பருமனாகவே வரும். சியரின் அளவுக்கு ஏற்ப அதை அராவ வேண்டும். மயிரிழை அளவு கூடுதலாக அராவினாலும் தாழ் பூட்டியிருப்பதுபோலத் தோன்றிக்கொண்டே பூட்டாமல் நிற்கும். ஆகவே தோட்டா ஏதும் இல்லை என்று உறுதிசெய்தபின், சுத்தியலைப் பின்னிழுத்து, தாழைப் பூட்டி, விசையை அழுத்திவிட்டு விடுவித்து, தாழைத் திறந்து, காதருகே வைத்துச் சுத்தியலை மெல்லப் பின்னால் அசைத்துக் கேட்பர். மெல்லிய ‘டிக்’ என்ற ஓசை கேட்டால், பூட்டியிருந்தபோதே சியர் சிறிது நகர்ந்துவிட்டது என்று பொருள். நேற்றுவரை நம்பத்தக்கதாய் இருந்த துப்பாக்கியின் நற்பெயர் இன்று ஓர் உறுப்பு மாறிய துப்பாக்கிக்குச் செல்லாது. விசையை மென்மையாக்கும் மாற்றங்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் அங்கே குறைக்கப்படுவது எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தடை. போட்டி அமைப்புகள் சில, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, குறைந்தபட்ச எடையைத் தாங்குகிறதா என்று பார்த்தபின்னரே களத்துக்குள் விடுவது இக்காரணம் பற்றியே.

பொருளை அறியும் வகையில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் புதிய பொருள் பிறக்கிறது எனில், அதனால் விளைந்ததற்குப் பொறுப்பு யாருடையது, அது எவ்வாறு தொடரும் என்ற வினா எழுகிறது. பௌத்தரை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும், அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கமும் பௌத்தரின் கணபங்கக் கொள்கையை, அதாவது ஒவ்வொரு கணமும் யாவும் அழிந்து தோன்றுகின்றன என்பதை, எதிர்த்து வாதிடுகின்றன. அக்கொள்கைக்கு எதிராக இந்திய மரபுகள் பொதுவாக எழுப்பிய தடை, வினை செய்தவன் அழிந்துவிட்டால் பயனை நுகர்பவன் யார் என்பதே. மிலிந்த பன்ஹாவில் இதற்கொரு விடை உண்டு. மாம்பழம் திருடியவன், உடையவர் நட்டது வேறு மாங்காய், தான் பறித்தது வேறு என்று வாதிட்டால் அது செல்லாது, ஏனெனில் பின்னது முன்னதைச் சார்ந்தே வந்தது. பொருள் ஒன்றே என்று நிலைநாட்டாமலே பொறுப்பு தொடர்கிறது என்பதை நிறுவும் இந்த விடை, சட்டகத்தில் பொறித்த எண் செய்யும் வேலையைத் துல்லியமாக விளக்கிவிடுகிறது. அந்த எண் துப்பாக்கியின் ஆன்மா என்று கருதத் தேவையில்லை; ஒருவர் வாங்கினார், மற்றொருவரிடம் கொடுத்தார், ஒரு நாள் அது சுட்டது என்ற சார்புத் தொடர் அறுந்துபோகாமல் காக்கும் கயிறு அது. குழல் உருவாகும்போதே அதில் விழும் வரிகள், அதன் வழியே செல்லும் ஒவ்வொரு குண்டின் மேலும் தம் தடத்தைப் பதிக்கின்றன. குழலை மாற்றினால் தடயவியலார் தேடும் தொடர் அறும், எண் காக்கும் தொடர் அறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் குழல், சட்டகம், ஸ்லைடு ஆகிய ஒவ்வொன்றையும் இன்றியமையா உறுப்பு எனக் கொண்டு கட்டுப்படுத்துவது, பொறுப்பை ஓரிடத்தில் குவிக்காமல் பரவவிடும் மாற்றுவழியாகும். குற்றத் தடயத்தைப் பொறுத்தமட்டில் அதுவே மேலான வழி என்று தோன்றுகிறது.

அமெரிக்கச் சட்டமே சில இடங்களில் தன் விடையைக் கைவிட்டுவிடுகிறது. சாதாரணத் துப்பாக்கியைத் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ஓர் உறுப்பு, எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தப்படாமல் மேசைமேல் கிடந்தாலும், அச்சட்டத்தில் ‘இயந்திரத் துப்பாக்கி’ என்றே பெயர் பெறும். இங்கே உறுப்பே முழுமையின் பெயரைத் தாங்குவது, அது எதுவாக ஆகக்கூடும் என்பதைக் கருதியே. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்னும் சாங்கியரின் சற்காரியவாதத்துக்கும், முன்பு இல்லாததே புதிதாய்த் தோன்றுகிறது என்னும் நியாய, வைசேடிகரின் அசற்காரியவாதத்துக்கும் இடையிலான வழக்கு இவ்வாறு நீதிமன்றத்தை எட்டுகிறது. வரிசை எண் இல்லாமல், வீட்டிலேயே துளையிட்டு முடித்துக்கொள்ளும்படி விற்கப்பட்ட அரைகுறைச் சட்டகங்களையும் துப்பாக்கிப் பொதிகளையும் 2022 விதி தன்னுள் அடக்கியபோது, அவை இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்று விற்பவர் தரப்பு வாதிட்டது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த விதியை நிலைநிறுத்தியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச், மனிதர் செய்யும் பொருள்களின் பெயர்கள் முடிவுறாத நிலைக்கும் வழங்குவது உண்டு என்று காட்ட, எழுதி முடியாத நாவலையும், கடையிலிருந்து கொண்டுவந்து இன்னும் பூட்டாத மேசையையும் எடுத்துக்காட்டினார். சாங்கியர் எள்ளுக்குள் எண்ணெயைக் காட்டியதற்கு இது வெகுதொலைவில் இல்லை. ஆயினும் பொதிகளிலும் சட்டகங்களிலும் சில விதிக்குள் அடங்கும் என்ற அளவில் தீர்ப்பு நின்றுகொண்டது. எத்தனை துளை குறைந்தால் ஒரு வார்ப்பு சட்டகமாகாமல் வெறும் வார்ப்பாகவே நிற்கும் என்பதற்கு அது கோடு கிழிக்கவில்லை.