சிவகாமியின் பிள்ளை யார்?

ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்லும் உரிமை யாருக்கு? எழுதியவருக்கா, கேட்பவருக்கா? இல்லை, ‘இது எதுக்காக எழுதினது தெரியுமா சார்?’ என்று டீக்கடையில் ஆரம்பிக்கிறாரே, அவருக்கா?

அந்த மூன்றாவது ஆள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கண்ணதாசன் பாட்டு எது ஒலித்தாலும் பின்கதை ரெடி. ரொம்பப் பிரபலமானது ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் சிவகாமியின் மகனுக்குச் சேதி சொல்லி அனுப்பும் பாட்டு. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி. ஆகவே, தி.மு.க.விலிருந்து வெளியே வந்த கவிஞர் காங்கிரஸில் சேரக் காமராஜருக்கு விட்ட தூதாம் அது! ஆனால், கண்ணதாசன் இருந்த ஈ.வெ.கி.சம்பத்தின் கட்சி காங்கிரஸோடு இணைந்தது 1964-லேயே. அதைச் சொன்னால், ‘இல்லீங்க, அப்புறம் ஒரு மனஸ்தாபம்...’ என்று கதை வேறு பக்கம் திரும்பும்.

திரும்பட்டுமே, யாருக்கு நஷ்டம் என்கிறீர்களா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளிப் பெரியவர். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் கையும் காலும் ஓடிக்கொண்டிருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அதற்குத்தான் ரேடியோ. அவருக்கு அந்தப் பாட்டு முருகன் பாட்டு. சிவகாமி மகன் என்றால் குமரகோட்டத்தில் இருப்பவன்தானே? மனைவி போன பிறகு அந்தப் பாட்டுதான் துணை. ஒருநாள் பக்கத்துத் தறிக்காரர் பின்கதையைச் சொல்லிவிட்டார். “அரசியல் பாட்டாமே தம்பி” என்றார் என்னிடம், எதையோ தொலைத்தவர் போல.

உலகம் முழுக்க இதே கதைதான். ஜான் லெனான் 1967-ல், வைரங்களோடு வானத்தில் இருக்கும் லூசியைப் பற்றி எழுதினார். ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளைக் கூட்டி, எல்.எஸ்.டி. போதை மருந்து என்றார்கள் ரசிகர்கள். ‘என் பையன் தன் வகுப்புத் தோழியை வரைந்த படமய்யா அது’ என்று லெனான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். நம்பினால்தானே! 1974-ல் எத்தியோப்பியாவில் முப்பது லட்சம் வருஷத்துக்கு முந்தைய எலும்புக்கூடு கிடைத்தபோது, முகாமில் அந்தப் பாட்டு ஓடியதால் அதற்கும் லூசி என்றே பெயர் வைத்தார்கள். நல்லவேளை, அதன் மேல் யாரும் போதைப் பழி போடவில்லை.

எழுதியவர் வாக்கே எடுபடவில்லை என்றால் யார்தான் சாட்சி?

குமரகோட்டத்துக்கே ஒரு கதை உண்டு. கச்சியப்ப சிவாச்சாரியார் அங்கேதான் கந்தபுராணத்தை அரங்கேற்றினார். முதல் அடி முருகனே எடுத்துக்கொடுத்தது. ஆனாலும் ஒரு புலவர் எழுந்தார்: ‘இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி எங்கே?’ சாமி சொன்னது என்றாலும் சபை ஒப்பவில்லை. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் ‘வீரசோழியம்’ நூலைப் பிரித்து விதியைக் காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் தொடர்ந்ததாம்.

எனக்குப் பிடித்த கதை இது. ‘கவிஞர் மனசில் இதுதான் இருந்தது’ என்பது இன்னொருவரைப் பற்றிய செய்தி. அந்தக் கவிஞர் 1981-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், வந்து மறுக்கமாட்டார். ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். பெரியவரோ கண்ணதாசனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. தன் துக்கத்தை ஒரு சாமியிடம் சொல்லி அனுப்பினார், அவ்வளவுதான். அவரிடம் போய் என்ன ஆதாரம் கேட்பீர்கள்?

அடுத்த முறை டீக்கடையில் யாராவது ‘உண்மையான அர்த்தம்’ என்று ஆரம்பித்தால், டீயை வைத்துவிட்டுக் கேளுங்கள்: ‘அண்ணே, வீரசோழியம் கொண்டு வந்திருக்கீங்களா?’