குளிர் என்ற சாக்கு

குளிர்காலத்தில் நாக்கு நெய்யையும் வெல்லத்தையும் தேடுவது உடம்பின் விதி, அதில் சரி தப்பு என்று விசாரிக்க ஒன்றுமில்லை என்றார் நண்பர். கவிதை எழுதுகிறவர். டிசம்பர் சீசனில் ஒரு சபா கான்டீன். அவர் முன்னால் அசோகா அல்வா, என் முன்னால் காப்பி. "பசியை யாராவது குற்றம் சொல்வார்களா? இதுவும் பசிதான். கொஞ்சம் வேஷம் போட்ட பசி" என்றார். வாக்கியம் நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பதில் சொல்லவில்லை. சொல்வதென்றால் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை அந்த மேஜைமேல் எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

அவர் பக்கம் பலமில்லாமல் இல்லை. சரக ஸம்ஹிதை ஹேமந்த ருதுவைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். வெளியே குளிர்காற்று சூழ்ந்து அடைத்துக்கொள்வதால் உள்ளே ஜாடராக்னி பலப்படுகிறது. கனமான ஆகாரத்தை எரிக்கும் சக்தி அதற்கு அப்போது உண்டு. விறகு கிடைக்காவிட்டால் உடம்பின் சாரத்தையே எரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நெய், பால், கரும்பில் விளைந்தவை, புது அரிசிச் சோறு எல்லாம் அந்தப் பருவத்துக்கு விதிக்கப்பட்டவை. உள்ளே ஒரு அடுப்பு, அதற்கு விறகு என்ற இந்தக் கற்பனை நம் பாட்டிகள் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. விளைச்சலும் ஒத்துழைக்கிறது. சம்பா நெல் வீட்டுக்கு வருவதும் கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சுவதும் தையை ஒட்டித்தான். மருத்துவமும் அறுவடையும் ஆசையும் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொள்ளும்போது ஆசையை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது சிரமம்.

இருந்தாலும் கணக்குப் பார்க்கலாம். சென்னையில் மார்கழி விடியற்காலை என்பது ஏறக்குறைய 20 டிகிரி. நண்பர் கழுத்தில் மஃப்ளர் இருந்தது. உடம்பு குளிரில் அதிகமாக எரிவது உண்மைதான். தோல் குளிரை உணரவேண்டும், நடுங்கவேண்டும், அப்போது எரியும். கைக்குழந்தைகளிடம் இருக்கிற, உஷ்ணத்துக்காகவே எரியும் பழுப்புக் கொழுப்பு வளர்ந்தவர்களிடமும் வேலை செய்கிறது என்று 2009-ல் உறுதிப்படுத்தினார்கள். ஆனால் கம்பளிக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் அதற்கு வேலை அதிகமில்லை. இன்னொரு வேடிக்கை: சாப்பாடு செரிக்கும்போதே கொஞ்சம் உஷ்ணம் பிறக்கிறது. புரதமானால் அதன் சக்தியில் 100க்கு 20 முதல் 30 வரை அப்படிச் செலவாகிறது. கொழுப்பில் 3 தேறுவதே கடினம். உடனடிச் சூட்டுக்காகத்தான் நாக்கு அலைகிறது என்றால் அது கொள்ளையும் உளுந்தையும் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்பது நெய்யை.

(நம்முடைய புதுக்கவிதைகளில் வரும் குளிரைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லிவிடலாம். அதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பில் படித்த குளிர். தனிமைக்கும் சாவுக்கும் படிமமாக வருவது. மாம்பலத்தில் ஃபேனை ஒன்றில் வைத்துப் படுத்தவர் பனி உறைவதைப் பற்றி எழுதுகிறார். அந்தக் குளிருக்கு அல்வா தேவைப்படுவதாக யாரும் எழுதியதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.)

மெய்யான குளிரை நான் தில்லியில்தான் கண்டேன். 1970களின் பிற்பகுதியில் அங்கே ஒரு ஆபீஸில் குமாஸ்தா. கரோல்பாகில் மாடியில் ஒரு அறை, கயிற்றுக்கட்டில், ஒரு ரஜாய். ஜனவரி விடியலில் நாலு, ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும். தெருவெல்லாம் குளிருக்கென்றே பிறந்த தின்பண்டங்கள். எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்துத் தட்டிய கஜக், ரேவ்டி. தள்ளுவண்டியில் குவித்த வறுத்த கடலை, அந்தக் குவியலின் உச்சியில் தணல் போட்ட சின்ன மண்சட்டி. சிவப்புக் கேரட்டைச் சீவிப் பாலில் மணிக்கணக்காகக் காய்ச்சி, கோவா சேர்த்து, நெய் மிதக்கும் கஜர் அல்வா. உடம்புக்கு வேண்டிய விறகு அத்தனையும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. நானும் வாங்கித் தின்றேன். வயிறு நிறைந்தது. ஆசை அப்படியே இருந்தது. அது கேட்டது வேறு: தொன்னையில், கை பொறுக்காத சூட்டில், பச்சைக் கற்பூர வாசனையோடு ஒரு பிடி.

அப்படியென்றால் இது பசி இல்லை. உடம்புக்குப் பெயர் தெரியாது. கலோரி எந்த பாஷையில் வந்தாலும் அது வாங்கிக்கொள்ளும். பெயர் சொல்லிக் கேட்பது வேறொன்று. அதை ஞாபகம் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. ஞாபகம் என்று சொன்னவுடன் ஆசைக்கு ஒரு சோகமும் கௌரவமும் வந்துவிடுகின்றன. ஊரைப் பிரிந்தவன், தாயின் கை ருசி என்று கதை எழுத ஆரம்பித்துவிடலாம். என் விஷயம் அவ்வளவு கௌரவமானதல்ல.

1979 ஜனவரி. தமிழர்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலில் மார்கழி முழுக்கத் திருப்பாவை சொல்வார்கள். இருபத்தேழாம் நாள், கூடாரவல்லி, அன்றைக்கு அக்காரவடிசில். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். மூடுபனி. முன்னால் மிதிக்கிறவரின் முதுகுதான் தெரிந்தது. அதன்மேல் ஒரு மெல்லிய சால்வை, தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. திரும்புவதற்கும் அவரையே இருக்கச் சொன்னேன். ("அவர்" என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு மனசுக்குள் "அவன்" என்றுதான் இருந்திருக்கும்.)

உள்ளே பாட்டு முடிந்து தொன்னை கைக்கு வந்தது. தின்றேன். நெய் விரலிடுக்கில் வழிந்தது. எதிர்பார்த்ததற்குக் குறைவில்லாமல் இருந்தது. இரண்டாவது முறை கையை நீட்டினேன். பரிமாறிய மாமி, "வெளியிலே யாருக்காவது எடுத்துண்டு போறேளா?" என்று கேட்டாள். ரிக்‌ஷாக்காரர் வெளியே நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினேன். அவள் கொஞ்சம் அதிகமாகவே வைத்து, மேலே இன்னொரு கரண்டி நெய் விட்டாள். அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய், செருப்புகள் கிடந்த தூணோரம் நின்று, நானே தின்றேன்.

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது பெரிய விஷயமில்லை. அண்டாவில் இன்னும் இருந்தது. நான் மறுபடியும் போய் ஒரு தொன்னை கேட்டிருக்கலாம். மூன்றாவது முறை போகக் கூச்சமாக இருந்தது. இந்த இடத்தைத்தான் நண்பரின் வாக்கியத்தால் விளக்க முடியவில்லை. உள்ளே நின்றபடி நானும் எனக்கு அதே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொண்டேன்: என்ன குளிர், உடம்பு கேட்கிறது.

1930-ல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்துக்கு எழுதிய கடிதங்களில் காந்தி அஸ்வாத விரதத்தைப் பற்றி எழுதுகிறார். ஆகாரத்தை மருந்துபோல எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் நிலை. ருசிக்காக உப்பு சேர்த்தால் விரதபங்கம். உடம்புக்கு அவசியம் என்று சேர்த்தால் இல்லை. அவசியமே இல்லாதபோது அவசியம் என்று நம்மை ஏமாற்றிக்கொண்டு சேர்ப்பது கபடம். இந்த மூன்றாவதைக் கண்டுகொண்டதில்தான் காந்தியின் கூர்மை இருக்கிறது. ஆசையைவிட ஆசை போட்டுக்கொள்ளும் தேவையின் வேஷமே அவரை உறுத்துகிறது. குளிர் அப்படிப்பட்ட வேஷங்களில் உயர்ந்த ரகம். பொய் என்று முழுக்கத் தள்ளவும் முடியாது.

ஆனால் காந்தியோடு முழுக்கப் போக என்னால் முடியவில்லை. அவருடைய தராசில் நானும் என் நாக்கும் மட்டும்தான் இருக்கிறோம். அன்றைக்கு நான் ஒரே தொன்னையோடு நிறுத்தியிருந்தாலும், ஏன், ஒன்றுமே தின்னாமல் வெளியே வந்திருந்தாலும், அந்தத் தராசு எனக்குத் தேர்ச்சி கொடுத்திருக்கும். ரிக்‌ஷாக்காரர் அதில் எங்கேயும் வரவேமாட்டார்.

இந்த விஷயத்தில் ஆண்டாள் வேறு மாதிரி. வருஷாவருஷம் ஒப்பித்தும் நான் கவனிக்காமல் விட்டது இது. நோன்பு தொடங்கும்போதே, குளிரின் உச்சியில், அந்தப் பெண்கள் நெய்யையும் பாலையும் விட்டுவிடுகிறார்கள். சரகர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நெய்யை விலக்கும் அதே பாட்டில் ஐயம், பிச்சை இரண்டும் வருகின்றன. தனக்கு வேண்டாம் என்கிற கைதான் கொடுக்கிற கையாகவும் இருக்கிறது. இருபத்தேழாம் பாட்டில் நெய் திரும்பி வருகிறது, முழங்கை வரை வழியும் அளவுக்கு. அங்கே ஆசை அழிக்கப்படவே இல்லை. இருபத்தைந்து பாட்டு தூரம் தள்ளிவைக்கப்படுகிறது, எல்லோரும் சேர்ந்து உட்காரும் வரைக்கும். தூணோரம் தனியாக நின்று தின்பதற்கு அந்தப் பாட்டில் இடமில்லை. பாட்டை முடித்துக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

தின்று முடித்த அந்தப் பெண்களின் நிலைக்கு ஆண்டாள் போடும் வினை குளிர்தல். மார்கழிக் குளிரில் சூடான பால்சோறு தின்றவர்கள் குளிர்கிறார்கள்! வெயில் தேசத்து பாஷையில் திருப்திக்கு வேறு வார்த்தை இல்லை. வயிறு குளிர்ந்தது, மனசு குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன். இந்த பாஷையில் குளிர் ஒரு கெட்டவார்த்தை அல்ல. அதைப் புகார் சொல்லும் பொருளாக நாங்கள் தில்லியில் போய்க் கற்றுக்கொண்டோம், ஸ்வெட்டரையும் கற்றுக்கொண்டதுபோல.

பழைய தமிழுக்கு வாடையின் கொடுமை தெரியாது என்று சொல்லவில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் முதலில் கோவலரைக் காட்டுகிறார்: மழையில் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிவந்து, கொள்ளியில் கை காய்ச்சி, அப்படியும் தாடை நடுங்க நிற்கிறவர்கள். பிறகுதான் மாளிகை வருகிறது. அங்கே குறுகிய வாய்க் கன்னலில் தண்ணீர் யாரும் தொடாமல் இருக்கிறது, அகன்ற வாயுள்ள தடாவில் நெருப்பு. இரண்டு இடத்திலும் வீசுவது ஒரே வாடை. நக்கீரர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: குளிர் எல்லோர்மேலும் விழுகிறது. அதைக் காரணமாகக் காட்டி ஒரு கரண்டி கூட வாங்கும்போது, அதே காரணம் என்னைவிட அதிகமாக யாருக்கு உண்டோ அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் வாங்குகிறேன். நடுங்கியது அவர் உடம்பு, மிதித்ததும் அதுதான். விறகு வேண்டியிருந்த அடுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்தேன். ரிக்‌ஷாக்காரர்கள் நாலைந்து பேர் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டு நெருப்பு மூட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் என்னுடையவர் எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கொஞ்சம் நகர்ந்து, கை காய்ச்சிக்கொள்ள எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்து கைகளை நீட்டினேன். குழாய்த் தண்ணீருக்குப் பயந்து கை கழுவாமல் வந்திருந்தேன். அந்தக் குளிரில் நெய் விரல்களில் வெள்ளையாக உறைந்திருந்தது. நெருப்புக்கு அருகே போனதும் உருகி, மணிக்கட்டு நோக்கி இறங்கிற்று. வாசனை எழும்பியது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் என் கையைப் பார்த்தார். "அஸ்லீ கீ" என்றார். அசல் நெய். சரக்கு தெரிந்தவன் சொல்லும் குரலில், குற்றம் எதுவும் இல்லாமல். பிறகு தன் ஊரில் எருமை இருந்ததைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

அறைக்குத் திரும்பியபோது பனி விலகவில்லை. போகவர ஒரு ரூபாய் பேசியிருந்தோம். ஒன்றரை கொடுத்தேன். எட்டணாவைத் தெருவிளக்கில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.